போச்சா, போகலையா?

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. முந்தின நாள்தான் பங்குனி உத்திரம். சென்னை வடபழனி ஆண்டவர் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளுக்கு வேலை ஓய்ந்திருக்கவில்லை. பூக்கூடையிலும் தேங்காய்த் தட்டிலும் ஜூஸ் கடைக் கண்ணாடியிலும் க்யூஆர் அட்டை தொங்கும் காலம் இது. மதியம் நெருங்கும்போது நாடு முழுவதும் யுபிஐ திணற ஆரம்பித்தது. பணம் அனுப்பியவர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைக்காரரின் ஸ்பீக்கர் பெட்டி வாயே திறக்காது. இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி: "போச்சா, போகலையா?"

அன்றைய கோளாறுக்குக் காரணமே அந்தக் கேள்விதான்.

யுபிஐயை நடத்தும் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம், அதாவது என்பிசிஐ, பிறகு நடத்திய ஆய்வில் இது தெரிந்தது. ஒரு பரிவர்த்தனை பாதியில் நின்றால், வங்கியின் கம்ப்யூட்டர் என்பிசிஐயிடம் "அது என்ன ஆயிற்று?" என்று கேட்க ஒரு வழி உண்டு. சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. சில வங்கிகளின் மென்பொருள் பொறுக்கவில்லை. பழைய பரிவர்த்தனைகளுக்குக்கூட மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் தாமதமாக ஆக, கேள்விகள் கூடின. கேள்விகள் கூடக்கூட, பதில் இன்னும் தாமதமானது. அதற்கு முந்தைய மாதம் யுபிஐயில் நடந்த பரிவர்த்தனைகள் சுமார் 1,830 கோடி. அந்த அளவு கூட்டத்துக்கு நடுவே நச்சரித்தால் எந்த சர்வர் தாங்கும்?

செய்தியில் வந்ததால் இது நமக்குத் தெரிந்தது. இதே நோய் சின்ன அளவில் தினமும் பள்ளிக் கட்டணத் தளத்தில், கிளினிக் டோக்கன் ஆப்பில், மளிகைக் கடை பில்லிங் மென்பொருளில் வந்து போகிறது. வெளியில் தெரிவது "சர்வர் டவுன்" என்ற இரண்டு சொல்தான். பல நேரம் சர்வர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். மென்பொருளுக்கும் அது தகவலைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே உள்ள கனெக்ஷன்தான் படுத்திருக்கும்.

இந்த இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு கம்ப்யூட்டர்களில் இருக்கின்றன. சில சமயம் வேறு ஊர்களில். வடபழனியில் ஒருவர் போனைத் தட்டினால், அந்த ஆப்பின் நிரல் மும்பையில் ஒரு டேட்டா சென்டரில் ஓடலாம். டேட்டாபேஸ் அதே வளாகத்தில் இன்னொரு பெட்டியில் இருக்கலாம். நிரல் முதலில் டேட்டாபேஸைக் கூப்பிட வேண்டும். அது பதில் குரல் கொடுக்கும். பிறகு ரகசியக் குறியாக்கத்துக்கான சாவிகளை மாற்றிக்கொள்வார்கள். அதன்பின் பெயர், கடவுச்சொல். இத்தனையும் முடிந்த பிறகுதான் "டோக்கன் எண் 14 யாருக்கு?" என்ற உண்மையான கேள்வி. பதில் எடுக்க ஒரு மில்லிவிநாடிகூட ஆகாத கேள்விக்கு, அறிமுகத்துக்கு மட்டும் அதைப்போல் பல மடங்கு நேரம். உலகெங்கும் புழங்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனியாக ஒரு பிராசஸைத் தொடங்கி, அதற்கென நினைவகமும் ஒதுக்குகிறது.

அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாகக் கூப்பிடுவதில்லை. பத்து கனெக்ஷனைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, தேவைப்படும் வேலைக்கு ஒன்றைக் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இதற்குக் கனெக்ஷன் பூல் என்று பெயர். ஆற்காடு சாலையில் மாடிக்கு மாடி ஜாவா, பைத்தான் என்று போர்டு மாட்டியிருக்கும் கோர்ஸ் சென்டர்களில் படித்து இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைகளிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று. விளக்கம் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அது எப்படியெல்லாம் கெடும் என்று கேட்பவர் குறைவு.

வடபழனிக்காரர்களுக்கு சினிமா ஸ்டூடியோ ஃப்ளோர் கணக்கு தெரியும். இருக்கிற ஃப்ளோர் நாலு. ஒரு யூனிட் ஷூட்டிங் முடித்துவிட்டு செட்டைப் பிரிக்காமல் போய்விட்டால், அடுத்த யூனிட் கேமராவோடு வாசலில் நிற்க வேண்டியதுதான். ஃப்ளோர் காலிதான், ஆனால் கணக்கில் காலியில்லை.

பூலிலும் அப்படித்தான் ஆகிறது. ஒரு கிளினிக்கின் டோக்கன் மென்பொருளைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நிரலில் நாலு வரி: பூலிலிருந்து கனெக்ஷனை எடு, டோக்கனைப் பதிவுசெய், நோயாளிக்கு எஸ்எம்எஸ் அனுப்பு, கனெக்ஷனைத் திருப்பிக் கொடு. பார்த்தால் குறையே தெரியாது. ஒருநாள் எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனத்தின் சேவை படுக்கிறது. மூன்றாவது வரியில் பிழை. நிரல் அங்கிருந்தே வெளியே குதித்துவிடுகிறது. நான்காவது வரி நடக்கவில்லை. ஒரு கனெக்ஷன் போச்சு. இப்படிப் பத்து தடவை நடந்தால் பூல் காலி. பதினோராவது நோயாளிக்கு டோக்கன் போடும்போது திரை அப்படியே நிற்கும். ஜாவாவில் பரவலாகப் பயன்படும் ஹிகாரி என்ற பூல் மென்பொருளில், வேறு எதையும் மாற்றாவிட்டால் பூலின் அளவு 10, காத்திருக்கும் நேரம் 30 விநாடி. முப்பது விநாடி முழுக்க வரவேற்பு மேசைப் பெண்ணும் நோயாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் பிழைச் செய்தி வரும். போன் போட்டால், "ரீஸ்டார்ட் பண்ணுங்க மேடம்." பண்ணினால் சரியாகிவிடும். அதுதான் இதில் மோசமான விஷயம். சரியாகிவிடுவதால் யாரும் நிரலைத் திறந்து பார்ப்பதில்லை. வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் என்பது அந்தக் கிளினிக்கின் பூஜை நேரம்போல நிலைத்துவிடும்.

மருந்து ரொம்ப நாளாகவே கையில் இருக்கிறது. 2011-இல் வந்த ஜாவா 7 முதல், பிழை வந்தாலும் வராவிட்டாலும் எடுத்ததைத் தானாகத் திருப்பிக் கொடுக்கும்படி எழுத முடியும். பைத்தானிலும் அதற்கு வசதி உண்டு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டேட்டாபேஸ் கனெக்ஷனைக் கையில் பிடித்துக்கொண்டு, எஸ்எம்எஸ் போகிறதா என்று மூன்றாம் ஆளுக்காகக் காத்திருப்பதே தப்பு. பதிவை முடித்து, கனெக்ஷனைக் கொடுத்துவிட்டு, அப்புறம் எஸ்எம்எஸ் அனுப்பலாம். தகவல் அரை நிமிஷம் பிந்திப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை.

அதே கிளினிக்கில் காலையில் வேறொரு வேடிக்கை. இரவு ஒன்பதுக்குக் கடையைச் சாத்திவிட்டு மறுநாள் ஒன்பதுக்குத் திறக்கிறார்கள். முதல் டோக்கன் போட்டால் பிழை. இரண்டாவது போட்டாலும் பிழை. நாலைந்து முறை தட்டினால் வேலை செய்கிறது. பகல் முழுக்க ஒரு குறையும் இல்லை. மென்பொருள் எழுதியவர் பதினோரு மணிக்கு வந்து பார்த்து, "எனக்கு வேலை செய்யுதே" என்பார். விஷயம் இதுதான்: மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஒரு கனெக்ஷன் 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம், பேச்சில்லாமல் இருந்தால் தன் பக்கத்தில் மூடிவிடும். இது அதன் இயல்பான அமைப்பு. கிளினிக் மூடியிருந்தது பன்னிரண்டு மணி நேரம். டேட்டாபேஸ் மூடிவிட்டது, பூலுக்கு அது தெரியாது. உயிரோடு இருப்பதாக நினைத்து ஒவ்வொரு செத்த கனெக்ஷனாக எடுத்துக் கொடுக்கிறது.

கிளவுடுக்குப் போனால் இந்த எட்டு மணி நேரமும் கிடையாது. நடுவில் போக்குவரத்தைத் திருப்பிவிடும் கருவிகளுக்குப் பொறுமை இன்னும் குறைவு. அமேசான் கிளவுடின் நாட் கேட்வே 350 விநாடி சத்தமில்லாத கனெக்ஷனை மறந்துவிடும். லினக்ஸின் வழக்கமான அமைப்பிலோ, எதிராளி இருக்கிறாரா என்று சும்மா இருக்கும் கனெக்ஷனில் முதல் முறை தட்டிப் பார்க்கவே 7,200 விநாடி ஆகும். அதுவும் தட்டிப் பார்க்கச் சொல்லி நிரல் கேட்டிருந்தால்தான். நடுவில் இருப்பவர் ஆறு நிமிஷத்தில் மறக்கிறார், ஓரத்தில் இருப்பவர் இரண்டு மணி நேரம் கழித்து விசாரிக்கிறார். அனுபவசாலிகள் இதனால்தான் கனெக்ஷனைக் கொடுக்கும் முன் ஒரு சின்னக் கேள்வி கேட்டு உயிர் பார்ப்பார்கள். எந்தக் கனெக்ஷனையும் அரை மணிக்கு மேல் வைத்திருக்காமல் மாற்றியும் விடுவார்கள்.

கூட்ட நாளில் வருவது இன்னொரு ரகம். போஸ்ட்கிரெஸ் வழக்கமாக 100 கனெக்ஷனுக்கு இடம் வைத்திருக்கும். அதிலும் 3 நிர்வாகிக்கு. ஒரு கடையின் ஆப் சாதாரண நாளில் ஐந்து சர்வரில் ஓடுகிறது, ஒவ்வொன்றிலும் பத்து கனெக்ஷன் என்றால் ஐம்பது. தீபாவளித் தள்ளுபடி அன்று கூட்டம் பார்த்து கிளவுட் தானாகவே சர்வர்களைப் பன்னிரண்டாக்குகிறது. நூற்றிருபது. டேட்டாபேஸ் "சாரி, டூ மெனி கிளையண்ட்ஸ் ஆல்ரெடி" என்று கதவைச் சாத்துகிறது. அந்தச் செய்தியில் சாரி உண்மையிலேயே உண்டு. கூட்டத்தைச் சமாளிக்கச் சேர்த்த சர்வர்களே கடையை மூடவைத்துவிடும். இடையில் உட்கார்ந்து பல நூறு பேரைச் சில கனெக்ஷன்களில் வரிசைப்படுத்தி அனுப்பும் பிஜிபவுன்சர் போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே வந்தவை. அது ஸ்கைப் நிறுவனத்துக்குள் எழுதப்பட்டு 2007-இல் வெளியானது.

இதுவரை சொன்ன எல்லாமே கவனத்தால் தீரும் வியாதிகள். கனெக்ஷன் எந்த இடத்தில் அறுகிறது என்பதில்தான் தீராத ஒன்று இருக்கிறது.

நிரல் ஒரு தொகையை உங்கள் கணக்கில் கழித்து, கடைக்காரர் கணக்கில் கூட்டச் சொல்கிறது. கடைசியாக "உறுதிசெய்" என்கிறது, கமிட் என்பார்கள். அந்தச் சொல்லை அனுப்பிய அடுத்த கணம் கனெக்ஷன் அறுந்துவிட்டது. இப்போது இரண்டு வாய்ப்பு. சொல் போய்ச் சேரும் முன்பே அறுந்திருக்கலாம், எதுவும் நடந்திருக்காது. சொல் போய்ச் சேர்ந்து, எல்லாம் எழுதி முடித்து, "ஆச்சு" என்ற பதில் திரும்பி வரும் வழியில் அறுந்திருக்கலாம். எல்லாம் நடந்து முடிந்திருக்கும். நிரலுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: பதில் இல்லை. மறுபடி அனுப்பினால் பணம் இரண்டு தடவை போகலாம். அனுப்பாமல் விட்டால் ஒரு தடவைகூடப் போகாமல் இருக்கலாம்.

நம்பமுடியாத கம்பியின் இரு முனையில் இருப்பவர்கள், எத்தனை தடவை "வந்ததா", "வந்தது" என்று பேசிக்கொண்டாலும், இருவரும் ஒருசேர நிச்சயமாக முடியாது. கடைசியாகப் போன செய்தி சேர்ந்ததா என்ற சந்தேகம் ஒருவரிடம் மிஞ்சிவிடும். 1970களிலேயே இதை நிரூபித்துவிட்டார்கள். இரு தளபதிகள் புதிர் என்று அதற்குப் பெயர் வைத்தவர் ஜிம் கிரே. 1998-இன் டூரிங் விருது பெற்றவர், டேட்டாபேஸ் உலகின் பெரிய தலை.

தீர்வு இல்லாத புதிரோடு குடும்பம் நடத்தும் வழியை வகுத்தவர்களில் ஒருவர் நம்மூர்ச் சம்பந்தம் உள்ளவர். அடையாறு தாண்டியுள்ள ஐஐடியில் 1977-இல் வேதிப் பொறியியல் முடித்த சி. மோகன், அமெரிக்கா போய் டெக்சாஸில் முனைவர் பட்டம் வாங்கி, கலிஃபோர்னியாவில் ஐபிஎம் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே 1980களில் அவரும் கூட்டாளிகளும் கொடுத்த விதியைக் கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து ஒரு பரிவர்த்தனையை முடிக்கும்போது கனெக்ஷன் அறுந்து, அப்புறம் ஒருவர் "அது என்ன ஆச்சு?" என்று வந்து கேட்டால், ஒருங்கிணைப்பாளரின் குறிப்பேட்டில் அதைப் பற்றி எதுவுமே இல்லையென்றால், நடக்கவில்லை என்றே வைத்துக்கொள். எழுதி வைக்காதது நடக்கவில்லை. உலகத் தர விதிகளிலேயே ஏறிவிட்ட ஏற்பாடு இது. பிறகு 1992-இல் அவர் பெயர் முதலாவதாக வந்த ஏரிஸ் கட்டுரை, மின்சாரம் போய் டேட்டாபேஸே விழுந்து எழுந்தால் எதைத் திரும்பச் செய்வது, எதை அழிப்பது என்பதை வரிசைப்படுத்தியது. ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் போன்றவை இன்றும் அந்த வழியில்தான் எழுந்திருக்கின்றன. மோகன் தமிழ்நாடு மின் ஆளுமை முகமைக்கு ஆலோசகராகவும் இருந்திருக்கிறார். சினிமாவில் மூன்றாம் கதாநாயகனுக்குக் கிடைக்கும் வெளிச்சம்கூட இவருக்கு இங்கே கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

இந்தியாவில் இந்தப் பிரச்சினையைப் பெரிய அளவில் எதிர்கொண்டவற்றில் ஒன்று ரயில்வே. முன்பதிவுக் கம்ப்யூட்டர் 1985-இல் டெல்லியில் தொடங்கியது. மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் பின்தொடர்ந்தன. ஒவ்வொரு மையமும் தனித் தீவு. தன் பகுதி ரயில்களின் இருக்கைக் கணக்கு அதனிடம்தான். சென்னைக் கவுன்டரில் நின்றுகொண்டு டெல்லிக் கணக்கில் உள்ள ரயிலுக்கு உடனே இருக்கை எடுக்க முடியாது. ரயில்வேயின் மென்பொருள் அமைப்பான கிரிஸ் எழுதிய கான்செர்ட் என்ற மென்பொருள் மூலம் ஐந்து மையங்களும் 1999-இல் ஒன்றாகப் பின்னப்பட்டன.

அந்தக் காலத்துத் தொலைபேசிக் கம்பிகளை நினைத்துப் பாருங்கள். சென்னைக் கவுன்டரில் காசு வாங்கி, டெல்லியில் இருக்கையைக் குறித்து, டிக்கெட் அச்சாவதற்குள் கம்பி அறுந்தால்? இருக்கை போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. கான்செர்ட்டை எழுதியவர்கள் இதற்காகவே நடுவில் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் ஒரு மென்பொருளை வைத்தார்கள். பெயரே ரிலையபிள் டிரான்ஸாக்ஷன் ரவுட்டர். ஒவ்வொரு கோரிக்கையையும் அது கையில் குறித்து வைத்துக்கொள்ளும். ஒரு சர்வர் விழுந்தால் மாற்று சர்வரிடம் அதே கோரிக்கையை, ஒரே ஒரு தடவை நடக்கும்படி, ஒப்படைக்கும். கம்பியை நம்பாமல் கட்டிய அமைப்பு அது. காலை பத்து மணிக்கு ஏசி தட்கலும் பதினொன்றுக்கு சாதா தட்கலும் திறக்கும்போது ஐஆர்சிடிசியைத் திட்டாதவர் இல்லை. பக்கம் திறக்கவில்லை, பணம் கழிந்து டிக்கெட் வரவில்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் வங்கி, பணம் வாங்கும் இடைநிறுவனம், ஐஆர்சிடிசி, முன்பதிவு மையம் என்று நான்கு கைமாறும் அந்தச் சங்கிலியில் அறுவது வெளிக் கண்ணிகளாகவும் இருக்கலாம். அப்படி டிக்கெட் ஆகாமல் கழிந்த பணம் திரும்பி வருகிறது. நிம்மதி தரும் பதில் இல்லைதான். ஊருக்குப் போக வேண்டியவருக்குப் பணம் திரும்பி வந்து என்ன பயன்?

இன்று நல்ல ஆப்கள் கையாளும் வழியும் அந்தக் குறித்துவைக்கும் வழியின் பேரப்பிள்ளைதான். பணம் செலுத்து என்று தட்டியவுடனே போன் அந்தத் தட்டலுக்கு ஒரு தனி எண்ணைப் போட்டுவிடும். பதில் வராவிட்டால் அதே எண்ணோடு மறுபடி அனுப்பும். எதிர்ப்பக்கம் அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் இன்னொரு முறை பணம் எடுக்காமல், பழைய பதிலையே திருப்பிச் சொல்லும். எத்தனை தடவை கேட்டாலும் ஒரு தடவைதான் நடக்கும். மறுபடி கேட்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. முதலில் ஒரு விநாடி, பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று இடைவெளியைக் கூட்ட வேண்டும். அந்த இடைவெளியையும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் கலைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே நேரத்தில் அறுந்த பத்தாயிரம் போன்களும் ஒரே நேரத்தில் திரும்ப வந்து மோதும்.

ஏப்ரல் 12-க்குப் பிறகு என்பிசிஐ போட்ட விதிகளைப் படித்தால் இந்தப் பாடம் அப்படியே தெரியும். பரிவர்த்தனை நிலையைக் கேட்பதற்குக் குறைந்தபட்ச இடைவெளி. இரண்டு மணி நேரத்தில் அதிகபட்சம் மூன்று தடவை. 2025 ஆகஸ்ட் முதல் ஒரு ஆப்பில் ஒருவர் நாளைக்கு 50 தடவைக்கு மேல் கணக்கு இருப்பைப் பார்க்க முடியாது. ஐம்பது தடவை இருப்பு பார்ப்பவர் யார் என்று சிரிப்பு வரலாம். கேள்விகளின் கூட்டத்தைக் குறைக்கப் போட்ட கடிவாளம் அது. எல்லாமே தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டிய விதிகள் என்று சொல்வது சுலபம். 2016-இல் யுபிஐ தொடங்கியபோது இந்தக் கூட்டத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

இத்தனை மருந்து இருந்தும், பலவீனம் சோதனையில் இருக்கிறது. எல்லாம் சரியாக நடந்தால் வேலை செய்கிறதா என்றே பெரும்பாலான அலுவலகங்களில் பார்க்கிறார்கள். கமிட் சொன்ன கணத்தில் கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பவர் அபூர்வம். கனடாவின் ஷாப்பிஃபை நிறுவனம் வெளியிட்ட டாக்ஸிபிராக்ஸி என்ற இலவசக் கருவியால், டேட்டாபேஸுக்குப் போகும் கனெக்ஷனை வேண்டும்போது அறுக்கலாம், இழுத்தடிக்கலாம். நெட்ஃபிளிக்ஸ் ஒரு படி மேலே போய், ஓடிக்கொண்டிருக்கும் தன் சொந்த சர்வர்களையே அலுவலக நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அணைத்துப் பார்க்கும் கேயாஸ் மங்கி என்ற மென்பொருளை எழுதியது. ஒரு மதியம் செலவழித்து இந்த மாதிரிச் சோதனை செய்திருந்தால் அந்தக் கிளினிக்கின் காலை நேரக் கூத்து முதல் வாரத்திலேயே பிடிபட்டிருக்கும்.

வாடிக்கையாளருக்கு இந்த உள்விவகாரம் எதுவும் தெரிய வேண்டியதில்லை. இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். வட்டம் சுற்றி நின்றுபோனால் உடனே மறுபடி அனுப்பாமல், ஆப்பின் பரிவர்த்தனைப் பட்டியலில் அது "நிலுவை" என்று இருக்கிறதா, "தோல்வி" என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே இருக்கும் பன்னிரண்டு இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும், வங்கியில் அதைத்தான் கேட்பார்கள். மற்றது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை. யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் உங்கள் கணக்கில் கழிந்து அவர் கணக்கில் ஏறவில்லையென்றால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தி, கடைக்கு உறுதி வராமல் போனால் ஐந்து நாள். அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. அந்த நூறு ரூபாயை வாங்கப் புகார் எழுதித் தர வேண்டியதில்லை. வங்கியே கணக்கில் போட வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறது.